நாடிழந்த விஞ்ஞானி ஸ்டைன்மெட்ஸ்

அரசியலில் தலையிடும் மாணவன் தன் கல்வியைப் பாழாக்கிக்கொள்கிறான் என்பது நெடுநாளைய புகார். ஆளுவோர் இதைச் சொல்வார்கள், பெற்றோர் சொல்வார்கள், மனம் சோர்ந்த வேளையில் மாணவனே தன்னை நொந்து சொல்லிக்கொள்வதும் உண்டு. இப்புகாரில் உண்மை சிறிதும் இல்லையென்று சாதிக்க நாம் முன்வரவில்லை. கொள்கையின் பொருட்டுச் சிறை புகுந்தவர்களும், நாடு துறந்தவர்களும் இழந்த கல்வி கொஞ்சமல்ல. ஆனால், ஓர் அரசாங்கம் தன் மாணவன் ஒருவனை விரட்டியடிக்கும்போது முடிவில் நஷ்டமடைவது யார் என்ற கேள்வியும் உடன் கேட்கத்தக்கதே. இதற்கு விடை தருவது சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்ற மேதையின் வாழ்க்கை. டாக்டர் பட்டத்தின் வாசற்படியில் கால் வைத்திருந்த அம்மாணவரை ஜெர்மானிய சர்க்கார் ஓட்டியது. ஓடிய மாணவர் அந்நிய நாட்டில் மின்சார மோட்டாரின் இரகசியங்களைக் கணக்கில் அடக்கிக் காட்டி, உலகத் தொழில்களின் போக்கையே மாற்றினார்.

இளமை

1865-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 9-ந் தேதி பிரெஸ்லா நகரில் அவர் பிறந்தார். அந்நகரம் அப்போது பிரஷ்யாவைச் சேர்ந்திருந்தது. 1945-க்குப் பிறகு விராட்ஸ்லாவ் என்ற பெயருடன் போலந்து தேசத்தில் இருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப் ஸ்டைன்மெட்ஸ். தந்தை ரயில்வே இலாகாவில் கல்லச்சு வேலை பார்த்தவர். தாயார் குழந்தைக்கு ஒரு வயதாகும்போதே காலமாகிவிட்டார். பாட்டியின் கையிலே பிள்ளை வளர்ந்தது.

பிறக்கும்போதே அவருக்கு முதுகு கூனி, இடுப்பெலும்பு கோணியிருந்தது. தந்தைக்கும் பாட்டனாருக்கும் அதே குறை இருந்தது. வளர்ந்து முடிந்தபின்னும் அவருடைய உயரம் நான்கடிக்குச் சற்று அதிகமே. தம்முடைய குறை தம்மோடு தீரட்டும் என்று கருதிய அவர், விவாகம் செய்துகொள்வதில்லை என்று தீர்மானித்து, கடைசிவரை அதை நிறைவேற்றினார்.

இயற்கை உடலில் குறைத்ததை அறிவில் ஈடு செய்தது. 1883-ம் வருஷம் பிரெஸ்லா சர்வகலாசாலையில் சேர்ந்த அவர், கணிதம், பௌதிகம், ரசாயனம், வானசாஸ்திரம் என்று பல துறைகளிலும் புகுந்து பயின்றார். அங்கிருந்த கணித மாணவர் சங்கத்தில் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவருக்குக் கிடைத்த பெயர் புரோட்டியஸ். கிரேக்கப் புராணத்தில் வரும் அந்தக் கடல் தெய்வம், நினைத்த உருவத்தை எடுக்க வல்லது; அகப்படுத்திக்கொண்டவனுக்கு அரிய இரகசியங்களைக் கூறுவது. தோழர்கள் விளையாட்டாக வைத்த இப்பெயரைப் பிற்காலத்தில் அவர் தம் சொந்தப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

அடக்குமுறையும் மாணவரும்

அக்காலத்து ஜெர்மனியில் பிஸ்மார்க் கோலோச்சி வந்தார். அபேதவாதிகளை ஒழிப்பதற்கென்று அவர் 1878-ல் ஒரு விசேஷ சட்டம் கொண்டுவந்தார். அது 1890 வரை அமுலில் இருந்தது. அச்சட்டத்தின்படி அபேதவாதச் சங்கங்கள் கலைக்கப்பட்டன, கூட்டங்கள் தடுக்கப்பட்டன, பத்திரிகைகள் நிறுத்தப்பட்டன. ஆயினும் தேர்தலில் அபேட்சகராக நிற்கும் உரிமை மட்டும் எஞ்சியிருந்தது. அந்தச் சிறு வழியிலேயே இயக்கம் உயிர் பிழைத்தது. அடக்கிய பன்னிரண்டு வருஷங்களில் கட்சி அழியாததோடு, முன்னைவிட வலுத்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஹைன்ரிக் லக்ஸ் என்ற சக மாணவர் வாயிலாக ஸ்டைன்மெட்ஸ் இக்கொள்கையில் ஈடுபட்டார். லக்ஸ் கைதியானார். 1887-ல் பிரெஸ்லா அபேதவாதிகள்மீது பெரிய வழக்கொன்று நடந்தது. தோழர்கள் சிறையில் இருக்க, வெளியில் இருந்தவர்கள்மீது பொறுப்பு விழுந்தது. கட்சியின் பத்திரிகையை நடத்தும் வேலையில் ஸ்டைன்மெட்ஸ் கை கொடுத்தார். பகலில் கணித ஆராய்ச்சி, இரவில் பத்திரிகை. போலீஸாரின் கண் அவர்மீது திரும்பியதில் ஆச்சரியமில்லை.

அச்சமயம் அவர் க்ஷேத்திரகணிதத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்தார். அது ஏற்கப்பட்டால் டாக்டர் பட்டம். பட்டம் கிடைத்தால் சர்வகலாசாலையில் ஆசிரியர் பதவி. ஐந்து வருஷ உழைப்பின் பலன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்போதுதான், கைது செய்யப் போகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்தது. 1888-ம் வருஷம் மே மாதத்தில் ஒருநாள் விடியுமுன் தந்தையிடம், ஒரு சிநேகிதரைப் பார்த்துவரப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டார். எல்லை கடந்து, முடிவில் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள ஜூரிக் நகரை அடைந்தார். அதன்பின் தந்தையை அவர் காணவே இல்லை.

இவ்விடத்தில் சற்று நின்று யோசிப்போம். கொள்கையை விட்டுவிடுவதாக ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்துவிட்டுப் படிப்பைத் தொடரலாமே என்ற எண்ணம் பலருக்குத் தோன்றக்கூடும். தாயற்ற பிள்ளை, உடற்குறையுள்ளவர், கையில் பணமில்லை. பேராசிரியர் பதவியைவிட இவருக்குப் பொருத்தமான வாழ்வு வேறென்ன இருக்க முடியும்? அவர் இழந்தது சாமானியமானதல்ல. அந்த இழப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

அடைக்கலம்

ஜூரிக் நகரத்துப் பாலிடெக்னிக் அக்காலத்தில் ஐரோப்பாவின் சிறந்த தொழிற்கல்விச் சாலைகளில் ஒன்று. அங்கே அவர் யந்திரசாஸ்திரம் பயின்றார். இதுவரை தூய கணிதத்திலே உலாவிய மனம், இங்கே இரும்பையும் நீராவியையும் மின்சாரத்தையும் நோக்கித் திரும்பியது. பிரெஸ்லாவிலேயே தங்கியிருந்தால் அவர் ஒரு நல்ல கணிதப் பேராசிரியராக வாழ்ந்திருப்பார். மின்சார மோட்டாரின் பக்கம் வந்திருப்பாரோ என்பது சந்தேகமே. துரத்தியவர்கள் தாம் அறியாமலே அவரை அவருடைய உண்மைத் தொழிலுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஜூரிக்கில் அவருடன் ஒரே அறையில் வசித்தவர் ஆஸ்கர் ஆஸ்முஸன் என்ற மாணவர். அவர் அமெரிக்காவுக்குத் திரும்ப நேர்ந்தபோது ஸ்டைன்மெட்ஸும் உடன் புறப்பட்டார். கப்பலில் மிகத் தாழ்ந்த வகுப்பில் பிரயாணம் செய்து, 1889-ம் வருஷம் ஜூன் மாதத் தொடக்கத்தில் இருவரும் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார்கள். குடியேற்ற அதிகாரிகள் அவரை ஏற இறங்கப் பார்த்தனர். கூன் விழுந்த உடல், பிரயாணத்தால் வாடிய முகம், கையில் காசில்லை, ஆங்கிலமோ நாலைந்து சொற்களுக்குமேல் வராது. இப்படிப்பட்டவரை உள்ளே விட்டால் நாட்டுக்குப் பாரமாவார் என்று கருதித் திருப்பியனுப்ப எண்ணினார்கள். தம்முடைய நண்பர் கணிதமேதை, அவருக்குத் தாம் பொறுப்பு என்று ஆஸ்முஸன் உறுதி கூறியபின்பே வழி விட்டார்கள்.

ஒரு தேசம் அபாயகரமானவர் என்று தள்ளியது. மற்றொரு தேசம் உபயோகமற்றவர் என்று தள்ளப் பார்த்தது. ஒரு நண்பனின் சொல் இடையில் நின்று காத்தது.

தொப்பித் தொழிற்சாலையில்

புதிய நாட்டில் அவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் என்று தம் பெயரை மாற்றிக்கொண்டார். வேலை தேடியலைந்து, ஓரிடத்தில் இல்லையென்ற பதிலைப் பெற்றபின், நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஐக்மையர் என்பவருடைய தொழிற்சாலையில் வரைபடம் எழுதும் வேலை கிடைத்தது. வாரத்துக்கு 12 டாலர் சம்பளம்.

இந்த ஐக்மையர் யார்? 1848-ல் ஜெர்மனியில் எழுந்த புரட்சி தோற்றபின் நாட்டைவிட்டு அமெரிக்காவுக்குக் குடியேறியவர். ஒரு தலைமுறைக்கு முந்திய அகதி, அடுத்த தலைமுறையின் அகதிக்குக் கதவைத் திறந்துவிட்டார். தொப்பி செய்யும் யந்திரங்களை உற்பத்தி செய்து செல்வம் சேர்த்தவர் அவர். ஆனால் அவருடைய உள்ளம் மின்சாரத்தில் தோய்ந்திருந்தது. டிராம் வண்டிகளையும் லிப்டுகளையும் ஓட்டுவதற்கான மோட்டார்களை அவர் தொழிற்சாலையில் அமைத்து வந்தார். தாய்மொழியிலே பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் இருவரும் மணிக்கணக்காக உரையாடுவார்கள். சீக்கிரத்திலேயே வரைபடப் பலகையை விட்டு, தொழிற்சாலையின் பரிசோதனைச் சாலைக்கு ஸ்டைன்மெட்ஸ் வந்து சேர்ந்தார்.

மின்சார மோட்டாருக்கு அது பாலபருவம். 1888-ல் அமெரிக்காவில் ரிச்மண்டு நகரத்து வீதிகளில் ஸ்பிரேக் என்பவர் மின்சார டிராம் வண்டிகளை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியிருந்தார். அதே வருஷத்தில் டெஸ்லா தம்முடைய மாறு மின்சார மோட்டாருக்கு உரிமை பெற்றிருந்தார். ஒரே திசையில் ஓடுவது நேர் மின்சாரம். விநாடிக்குப் பலமுறை திசை மாறி முன்னும் பின்னும் ஓடுவது மாறு மின்சாரம். பின்னதைத் தொலைதூரம் கொண்டுசெல்வது எளிது. ஆகவே எதிர்காலம் அதனுடையது என்று அறிவாளிகள் கண்டனர். ஆனால் அதில் ஓடும் மோட்டாரை அமைப்பது எப்படி? ஒரு மாதிரியைச் செய்து பார்ப்பார்கள், அது சூடேறிக் கெடும், வேறொன்று செய்வார்கள். காரணம் சொல்லவோ, முன்கூட்டிக் கணக்கிடவோ வழியில்லாதிருந்தது.

இரும்பு வாங்கும் சுங்கம்

டிராம் வண்டிக்கு ஏற்ற மாறு மின்சார மோட்டார் ஒன்றை அமைக்கும் முயற்சியில் இந்தச் சிக்கல் ஸ்டைன்மெட்ஸின் முன் வந்தது. மோட்டாருக்குள் இருக்கும் இரும்பு காந்தமாகிறது. மின்சாரம் திசை மாறும்போதெல்லாம் அந்தக் காந்தத்தின் வடக்கு தெற்காகவும், தெற்கு வடக்காகவும் மாறவேண்டும். இரும்போ, பழைய நிலையை உடனே விட மறுக்கிறது. பிடிவாதக்காரனை இழுத்துவருவதற்குப் பலம் செலவாவதுபோல, ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சக்தி வீணாகி உஷ்ணமாக வெளிப்படுகிறது. இரும்பின் இந்த மந்தகுணத்திற்கு யூயிங் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஹிஸ்டரிஸிஸ் என்று பெயரிட்டிருந்தார். சக்தி போகும் வழியில் இரும்பு வசூலிக்கும் சுங்கம் என்று இதைச் சொல்லலாம். சுங்கம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை.

ஸ்டைன்மெட்ஸ் யூயிங் வெளியிட்டிருந்த அளவுகளை முதலில் ஆராய்ந்தார். பிறகு பலவகை இரும்புகளையும் எஃகுகளையும் தாமே சோதித்தார். எண்களுக்குள் மறைந்திருந்த ஒழுங்கு அவருக்குப் புலப்பட்டது. காந்தச் செறிவின் 1.6-ம் அடுக்குக்கு ஏற்ப நஷ்டம் பெருகுகிறது என்பதே அவர் கண்ட விதி. செறிவை இருமடங்காக்கினால் நஷ்டம் மும்மடங்குக்குச் சற்று மேலாகும். மும்மடங்காக்கினால் ஏறக்குறைய 5.8 மடங்காகும். இரும்பின் இனத்துக்குத் தக்கபடி ஓர் எண்ணை மட்டும் சோதனையால் அறிந்துகொண்டால் போதும். மோட்டார் எவ்வளவு சூடேறும் என்பதை அது பிறக்குமுன்னரே காகிதத்தில் சொல்லிவிடலாம்.

1892-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அமெரிக்க மின்சார எஞ்சினியர்கள் சங்கத்தில் இந்த ஆராய்ச்சியை அவர் வாசித்தார். அப்போது அவருக்கு வயது 26. கப்பலிலிருந்து இறங்கி மூன்று வருஷங்கள்கூட நிறையவில்லை. அன்றுமுதல் அந்நாட்டு மின்சார நிபுணர்களின் முன்வரிசையில் அவர் பெயர் வைத்து எண்ணப்பட்டது. 1.6 என்ற எண் எல்லா இரும்புக்கும் எல்லா நிலைக்கும் சரியாகப் பொருந்துவதில்லை என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. ஆனால் அவர் வகுத்த சூத்திரத்தின் வடிவம் இன்றும் நிற்கிறது. எண்ணைத் திருத்திக்கொண்டு எஞ்சினியர்கள் அதையே வழங்கி வருகிறார்கள்.

கணக்கை எளிதாக்கிய கணிதர்

1892-ல் இரண்டு பெரிய கம்பெனிகள் இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி உருவாயிற்று. அக்கம்பெனி ஐக்மையருடைய தொழிலையும் அவருடைய உரிமைகளையும் விலைக்கு வாங்கியது. தொழிலோடு ஸ்டைன்மெட்ஸும் போனார். 1893-ல் லின் நகரத்திலும், மறுவருஷம்முதல் நியூயார்க் மாகாணத்து ஷெனெக்டடி நகரத்திலும் வேலை. வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்த ஷெனெக்டடியிலேயே கழிந்தது.

1893-ல் சிக்காகோவில் சர்வதேச மின்சார மகாநாடு கூடியது. அங்கே அவர் அளித்த கட்டுரை முந்தியதைவிடப் பெரிய மாறுதலை விளைவித்தது. மாறு மின்சாரத்தில் கணக்கு நேர்வழியில் வருவதில்லை. ஒரு சுருளில் மின்சாரத்தைத் தடுக்கும் எதிர்ப்பு 3 ஓம் என்றும், காந்தத்தினால் எழும் தடை 4 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 7 ஓம் ஆவதில்லை. 5 ஓம் தான். 200 வோல்ட் செலுத்தினால் ஓடுவது 40 ஆம்பியர். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களும் கர்ணமும்போல அவை சேர்கின்றன. ஒரு சுருளுக்கு இவ்வளவு என்றால், பல சுருள்களும் பல கம்பிகளும் சேர்ந்த யந்திரத்துக்கு எவ்வளவு பாடு! உயர்கணிதம் பயின்ற சிலரே நீண்ட சமன்பாடுகளுடன் மல்லுக்கட்டி விடை காண்பது வழக்கமாயிருந்தது.

ஒன்றைக் கழித்தல் குறியோடு எழுதி அதற்கு வர்க்கமூலம் காண்பது உலக வழக்கில் இல்லாத காரியம். கணித சாஸ்திரிகள் மட்டும் அதைக் கற்பனை எண் என்று பெயரிட்டு ஆண்டுவந்தார்கள். அந்தக் கற்பனை எண்ணைக் கொண்டு, மாறு மின்சாரத்தின் அளவையும் அது முந்துவதையும் பிந்துவதையும் ஒரே எண்ணாக எழுதலாம் என்று ஸ்டைன்மெட்ஸ் காட்டினார். எழுதிவிட்டால் மற்றதெல்லாம் சாதாரண பீஜகணிதமே; கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். அதே வருஷத்தில் கென்னலி என்ற எஞ்சினியரும் இவ்வழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எனினும் முறையை முழுமையாக வகுத்து, நூல்கள் எழுதி, மாணவர் தலைமுறைக்கே கற்பித்தவர் ஸ்டைன்மெட்ஸ். எர்ன்ஸ்ட் பெர்க் என்ற சக ஊழியரின் உதவியோடு 1897-ல் அவர் வெளியிட்ட பெருநூல், பல வருஷகாலம் மின்சார எஞ்சினியர்களுக்கு வேதமாக இருந்தது.

பிரெஸ்லாவில் பட்டம் பறிபோயிற்று. அங்கே படித்த கணிதமோ அவருடன் கப்பலேறி வந்துவிட்டது. எந்தப் போலீஸாரும் அதைப் பறிமுதல் செய்ய முடியவில்லை.

மோட்டாருக்குக் கடிவாளம்

டெஸ்லா கண்டுபிடித்த வகை மோட்டாரில், வெளிச்சுருள்களில் ஓடும் மின்சாரம் ஒரு காந்தச் சுழலை உண்டாக்குகிறது. உள்ளே இருக்கும் உருளை அச்சுழலைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. காந்தச் சுழல் நிமிஷத்துக்கு 1500 முறை சுற்றினால், உருளை 1450 முறை சுற்றும். அந்த வித்தியாசம் இல்லாவிட்டால் மோட்டாருக்கு இழுக்கும் பலமே இராது. பளு கூடக்கூட உருளை மேலும் பின்தங்கும். அதற்கேற்ப மின்சாரமும் அதிகமாக ஓடும். இத்தனையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

ஓடும் மோட்டாரை ஓடாத மோட்டாராகக் கருதிக் கணக்கிட ஸ்டைன்மெட்ஸ் வழி கண்டார். எதிர்ப்புகளும் சுருள்களும் அடங்கிய ஒரு சிறு மின்வட்டத்தை வரைந்து, அதில் ஓர் எதிர்ப்பை மட்டும் உருளை பின்தங்கும் அளவுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டால், மோட்டாரின் குணம் அனைத்தும் அந்தப் படத்தில் வந்துவிடும். தொடங்கும்போது எவ்வளவு பலம், எந்த வேகத்தில் எவ்வளவு மின்சாரம், எவ்வளவு வீண் ஆகிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடக் கணக்காகிவிட்டன. அந்த மின்வட்டத்துக்கு இன்றளவும் அவர் பெயர் வழங்குகிறது. மூன்று கம்பிகளில் ஓடவேண்டிய மோட்டாரை ஒரு கண்டென்சரின் உதவியால் இரண்டு கம்பிகளில் ஓட்டும் ஏற்பாட்டுக்கும் ஜெர்மானியர் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஒரு பொருளை அடக்கியாள வேண்டுமானால் முதலில் அதன் குணத்தை அறியவேண்டும். குதிரையின் குணம் தெரிந்தவனே கடிவாளம் பிடிக்க வல்லவன். மாறு மின்சார மோட்டாரின் வேகத்தையும் பலத்தையும் விரும்பியபடி ஆளுவதற்கு அடுத்த தலைமுறைகளில் செய்யப்பட்ட முயற்சிகளெல்லாம் இந்த அஸ்திவாரத்தின்மேல் எழுந்தவையே. 1929-ல் அவருடைய கம்பெனியைச் சேர்ந்த பார்க் என்பவர் மின்சார யந்திரங்களுக்கு மேலும் நுட்பமான கணிதம் ஒன்றை வகுத்தார். 1970-ம் வருஷத்தை ஒட்டி, மாறு மின்சார மோட்டாரைக் கணத்துக்குக் கணம் கட்டுப்படுத்தும் புதிய முறை ஜெர்மனியிலேயே உருவாயிற்று. இன்று மின்சார ரயிலும், லிப்டும், ஆலை யந்திரமும், மின்சார மோட்டார் காரும் அவ்வித முறைகளால்தான் இயங்குகின்றன. எந்த நாடு அவரைத் துரத்தியதோ, அந்த நாட்டின் எஞ்சினியர்களும் அவருடைய பாடத்தைப் படித்தே முன்னேறினார்கள்.

பதவியும் பணியும்

கம்பெனியில் கணக்கீட்டு இலாகாவின் தலைவராகவும், பின்னர் ஆலோசக எஞ்சினியராகவும் அவர் விளங்கினார். லாபத்தை உடனே எதிர்பாராமல் விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய ஒரு சாலை வேண்டுமென்று வற்புறுத்தினார். 1900-ல் அவருடைய வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில் அந்த ஆராய்ச்சிச்சாலை தொடங்கியது. பிற்காலத்தில் அது உலகப் புகழ் பெற்றது. சுமார் 200 கண்டுபிடிப்புகளுக்கு அவர் பெயரில் உரிமைகள் பதிவாயின. 1901-ல் மின்சார எஞ்சினியர்கள் சங்கத்தின் தலைவரானார். 1902-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. 1903-ல் ஷெனெக்டடியிலுள்ள யூனியன் காலேஜ் டாக்டர் பட்டம் வழங்கியது. பதினைந்து வருஷங்களுக்குமுன் கைநழுவியது இப்போது தானாகத் தேடிவந்தது. அக்காலேஜில் மின்சார எஞ்சினியரிங் பேராசிரியராக அமர்ந்து, தாம் இழந்த ஆசிரியத் தொழிலையும் திரும்பப் பெற்றார்.

விவாகமில்லாத அவருக்குக் குடும்பமும் வாய்த்தது. தம்முடன் வேலை செய்த ஹேடன் என்ற இளைஞரைச் சுவீகாரம் செய்துகொண்டார். ஹேடனும் மனைவியும் மூன்று குழந்தைகளும் அவருடைய வீட்டிலேயே வசித்தார்கள். குழந்தைகளுக்கு அவர் உண்மைப் பாட்டனாராகவே இருந்தார்.

கொள்கையை அவர் மறந்தாரா? மறக்கவில்லை. 1911-ல் ஷெனெக்டடி மக்கள் லன் என்ற அபேதவாதியை நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய நிர்வாகத்தில் ஸ்டைன்மெட்ஸ் கல்விச் சபைத் தலைமையை ஏற்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் புத்தகம், பள்ளியில் உணவு, நர்ஸுகளின் பராமரிப்பு, அந்நிய நாட்டிலிருந்து குடியேறியவர்களின் குழந்தைகளுக்குத் தனி வகுப்பு ஆகியவற்றுக்காகப் பாடுபட்டார். கப்பலிலிருந்து ஆங்கிலம் தெரியாமல் இறங்கியவருக்கு அக்குழந்தைகளின் நிலை தெரியாதா? பின்னர் நகரசபையின் தலைவராகவும் ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1922-ல் மாகாண எஞ்சினியர் பதவிக்கு அபேதவாதக் கட்சியின் சார்பில் நின்று தோற்றார். அதே வருஷத்தில் ருஷ்யாவை மின்மயமாக்கும் திட்டத்துக்குத் தம்மாலான உதவி செய்வதாக லெனினுக்குக் கடிதம் எழுதினார்; லெனின் நன்றியுடன் பதில் எழுதி, தம் படத்தையும் அனுப்பினார்.

இங்கே ஒரு குறையையும் மறைக்காமல் கூறவேண்டும். முதலாளித்துவத்தின் பெருங்கோட்டைகளில் ஒன்றாகிய கம்பெனியில் முப்பது வருஷம் ஊழியம் செய்துகொண்டு அபேதவாதம் பேசுவது எப்படிப் பொருந்தும் என்று அவருடைய காலத்திலேயே பலர் கேட்டார்கள். 1916-ல் எழுதிய நூலில் அவர் இதற்குச் சமாதானம் கூறினார். பெரிய கம்பெனிகளின் கட்டுப்பாடான நிர்வாகமே நாளடைவில் சமுதாய நிர்வாகமாக மலரும் என்பது அவருடைய நம்பிக்கை. காலம் அந்த நம்பிக்கையை மெய்ப்பிக்கவில்லை. இரும்பின் குணத்தைத் துல்லியமாக அளந்தவர், செல்வத்தின் குணத்தை அவ்வளவு துல்லியமாக அளக்கவில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் அவருடைய நோக்கத்தில் களங்கமில்லை. மின்சாரம் பெருகப் பெருக மனிதனுடைய வேலை குறைந்து, நாளுக்கு நான்கு மணி நேர உழைப்பே போதுமானதாகிவிடும் என்று அவர் கனவு கண்டார். மோட்டார் யாருக்காகச் சுழலவேண்டும் என்ற கேள்வியை, அதை ஆளக் கற்றவரே மறவாதிருந்தார்.

முடிவு

கடைசி வருஷங்களில் அவர் மின்னலை ஆராய்ந்தார். மின்சாரக் கம்பிகளை இடியிலிருந்து காப்பது நோக்கம். 1922-ல் 1,20,000 வோல்ட் செறிவுள்ள செயற்கை மின்னலைத் தம் ஆராய்ச்சிச்சாலையில் தோற்றுவித்து, மரத்துண்டுகளைச் சிதறச் செய்தார். மறுவருஷம், 1923 அக்டோபர் மாதம் 26-ந் தேதி, தமது 58-ம் வயதில் ஷெனெக்டடியில் காலமானார்.

பிரெஸ்லா நகரின் கதை அவருடன் முடியவில்லை. ரசாயன மேதை ஹாபரும், பௌதிக மேதை மாக்ஸ் பார்னும் அதே நகரில் பிறந்தவர்கள். யூத குலத்தில் பிறந்த அவ்விருவரும் 1933-ல் ஹிட்லரின் ஆட்சியில் பதவியிழந்து நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பிஸ்மார்க்கின் காலத்தில் ஒருவரை விரட்டிய தேசம், ஹிட்லரின் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களை விரட்டியது. அறிஞர்களைச் சந்தேகக் கண்கொண்டு நோக்கும் வழக்கம் ஒருமுறை வேரூன்றிவிட்டால் பின்பு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

ஆளுவோர் இதிலிருந்து கற்கவேண்டியது தெளிவு. தொண்டர்கள் கற்கவேண்டியதும் ஒன்று உண்டு. நாடு துறந்தவர்கள் எல்லோரும் ஸ்டைன்மெட்ஸ் ஆகிவிடவில்லை. ஓடிய இடத்திலும் அவர் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. 12 டாலர் வேலையையும் இழிவாகக் கருதவில்லை. கைக்கு வந்த வேலையின் அடியிலிருந்த கேள்வியைத் தேடிப் பிடித்தார். கொள்கைக்காகப் பட்டத்தைத் துறக்கலாம். அதற்காகப் படிப்பையும் துறக்கவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சிறையிலும், வெளியிலும், அந்நிய மண்ணிலும் கற்றுக்கொண்டே இருக்கும் தொண்டன், தன் தேசத்துக்கு இருமுறை பயன்படுகிறான். தேசம் அவனை ஏற்க மறுத்தால், உலகம் ஏற்றுக்கொள்ளும்.